மயக்கத்தில் இருக்கும் பச்சிளங்குழந்தை: எது குறைந்தால் எதைப் பார்ப்பது

பிறந்து 28 நாள் ஆகாத பச்சிளங்குழந்தைக்கும் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைக்கும் மயக்கம் கொடுக்கும்போது ஏதேனும் தடம் மாறினால், ஆற அமர யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. பெரியவரின் உடல், எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடந்தோறும் 3 முதல் 4 மில்லி ஆக்சிஜனைச் செலவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் உடலோ 6 முதல் 8 மில்லி வரை செலவிடுகிறது. மூச்சை விட்ட பின் நுரையீரலில் தங்கி நிற்கும் காற்று இருவருக்கும் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிதான் என்றாலும், குழந்தையின் விலா எலும்புகள் மெத்தென்று இருப்பதால் மயக்கத்தில் அந்தக் கையிருப்பும் சட்டென்று வடிந்துவிடுகிறது. பெரியவரிடம் சில நிமிடங்களாகக் கிடைக்கும் அவகாசம் இங்கே சில நொடிகளாகச் சுருங்கிவிடுவதால், யோசிக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் கைகொடுக்க இன்னொருவர் பக்கத்தில் இருப்பார். அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில், திசையன்விளை போன்ற ஊர்களில் ஒற்றை மயக்க மருத்துவராக நிற்பவருக்கும், அவருக்கு வலக்கையாக இருக்கும் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும்தான் இதை முதன்மையாக எழுதுகிறேன். முன்கூட்டியே திட்டமிட முடிந்த அறுவை சிகிச்சையாக இருந்தால், பச்சிளங்குழந்தைகளை நாள்தோறும் பார்க்கும் மையத்துக்கு அனுப்புவதே முறையாகும். ஆனால் அனுப்பும் வரை குழந்தையைக் காப்பாற்றி வைப்பதும், அனுப்ப நேரமில்லாதபோது கையில் எடுப்பதும் நம் தலையில்தான் விழுகின்றன.

கீழே வருபவை அறிகுறி வாரியாக உள்ளன. எனினும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு: திரையில் குறைவது எந்த எண்ணாக இருந்தாலும், முதலில் மூச்சைப் பாருங்கள். குழந்தையிடம் இதயம் தானாகக் கெடுவது அரிது. மூச்சு கெட்டு, அதன் பின் இதயம் கெடுவதுதான் வழக்கம்.

தொடங்குவதற்கு முன்

அன்றைய எடையைக் கிராம் கணக்கில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன வாரத்து அட்டையில் உள்ள எடை உதவாது. மருந்துகளைக் கலந்து, பெயரையும் ஒரு மில்லியில் உள்ள அளவையும் சிரிஞ்சின் மேல் எழுதி வைத்துவிட்டுத்தான் குழந்தையை உள்ளே அழைக்க வேண்டும். பத்து மடங்குத் தவறு நேர்வது பெரும்பாலும் கணக்குத் தெரியாததால் அன்று. அவசரத்தில் புள்ளி இடம் மாறுவதால்தான். என் வழக்கத்தைச் சொல்கிறேன். 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பூலை 10 மில்லியாக்கினால் ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்பது கிலோவுக்கு 0.1 மில்லி, அதாவது 3 கிலோக் குழந்தைக்கு 0.3 மில்லி. 0.6 மில்லிகிராம் அட்ரோபினை 6 மில்லியாக்கினால் அதுவும் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆகிவிடும். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் அதே குழந்தைக்கு 0.6 மில்லி. இரண்டும் ஒரே செறிவில் இருப்பது நெருக்கடியில் மனத்துக்குப் பெரிய ஆறுதல். தசையைத் தளர்த்தும் மருந்தான, மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள சக்சினைல்கோலினை ஐந்து மடங்கு நீர்த்து 10 மில்லிகிராமாக்கி ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து வைக்கிறேன்.

டிரிப் குழாயில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது. இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள கருக்காலத் துவாரம் இந்த வயதில் முழுமையாக மூடியிராது. வலப்புறம் வரும் குமிழி இடப்புறம் தாவி மூளைக்குப் போகக்கூடும்.

அறிகுறி: ஆக்சிஜன் செறிவு குறைகிறது

எண் குறைந்தவுடன் 100 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றுங்கள். அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லி, கையை எடுக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்படும் இளையவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் வைத்த ரிட்ராக்டர் உதரவிதானத்தை மேலே தள்ளுவதாலேயே செறிவு குறைந்த சந்தர்ப்பங்கள் ஏராளம். அவற்றுக்கு வேறு மருத்துவமே தேவைப்படவில்லை.

மூச்சுக்குழலுக்குள் ட்யூப் போடுவதற்கு முன்பே, மாஸ்க்கில் இருக்கும்போது குறைந்தால், பெரும்பாலும் நாக்கும் கழுத்தின் நிலையுமே காரணம். குழந்தையின் பிடரி பெரிது. தலையணை வைத்தால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுவழி அடைபடும். தலையணையை எடுத்துவிட்டுத் தோளுக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைத்தால், முகம் கூரையைப் பார்க்கும்; அதுவே சரியான நிலை. மாஸ்க்கைப் பிடிக்கும் விரல்கள் தாடை எலும்பின்மேல் மட்டுமே இருக்க வேண்டும். மோவாய்க்கு அடியிலுள்ள மெல்லிய சதையில் விரல் பதிந்தால், நாக்கை நாமே அண்ணத்தில் ஒட்டவைத்தவர்களாகிவிடுவோம். வயிறு உப்பியிருந்தால் மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பைக்குள் செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். உதரவிதானத்தை நம்பியே மூச்சுவிடும் குழந்தைக்கு வயிற்றிலுள்ள காற்று மார்பின்மேல் ஏறி உட்கார்ந்த பாரம்.

மார்பு உள்ளிழுக்கிறது, ஆனால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பேக் அசையவில்லை, ஒலியும் இல்லை என்றால், குரல்வளை இறுகிவிட்டது என்று கொள்ளுங்கள். சளிபிடித்த குழந்தையிடம் இது மிகுதி. அவசரமில்லாத அறுவையை இரண்டு முதல் நான்கு வாரம் தள்ளிப்போடச் சொல்வது இதனால்தான். உறுத்துவதை எல்லாம் நிறுத்தி, தாடையை முன்னுக்குத் தள்ளி, மாஸ்க்கை இறுக்கமாகப் பொருத்தித் தொடர் அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுங்கள். சில நொடிகளில் இளகாவிட்டால் மயக்க மருந்தான புரோபோபால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் சிறிது கொடுக்கலாம். அதற்கும் இளகாமல் செறிவு இறங்கிக்கொண்டே இருந்தால், காத்திராமல் அட்ரோபினையும் சக்சினைல்கோலினையும் கொடுங்கள்: சிரைவழி கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், சிரை கிடைக்காதபோது தசைவழி கிலோவுக்கு 4 மில்லிகிராம்.

ட்யூப் போட்ட பின் குறைந்தால் தேட வேண்டிய இடங்கள் நான்கு: இடம் மாறியதா, அடைபட்டதா, மார்புக்கூட்டில் காற்று தேங்கியதா, கருவி கெட்டதா. புத்தக வரிசை இதுவாக இருந்தாலும், நான் கைவைக்கும் வரிசை வேறு. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு ஜாக்சன் ரீஸ் பேக்கைக் கையில் எடுப்பதே என் முதல் வேலை. கருவியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அது ஒரே அசைவில் நீக்கிவிடுகிறது. மேலும், நுரையீரல் விறைப்பாக இருக்கிறதா, மென்மையாக இருக்கிறதா என்பதைக் கை உடனே சொல்லிவிடும்.

பேக் எளிதாக அழுந்துகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் காற்று போகிறது என்றால், ட்யூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கிறது. நிறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழல் மொத்தமே 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளம். எடையோடு ஆறைக் கூட்டினால் உதட்டில் நிற்க வேண்டிய அளவு கிடைக்கும். 3 கிலோவுக்கு 9 சென்டிமீட்டர். ஆனால் அந்த அளவில் ஒட்டிய பின்னும் தலையை முன்னால் மடக்கினால் ட்யூப் உள்ளே இறங்கும். பின்னால் சாய்த்தால் மேலே ஏறும். ஆகவே குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்த ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பது கட்டாயம்.

பேக் கல்போல் இறுகியிருந்தால் அடைப்பையும் மடிப்பையும் தேடுங்கள். என் தொடக்க ஆண்டுகளில், குடலடைப்போடு மூன்றாம் நாள் வந்த 2.6 கிலோக் குழந்தை ஒன்று. அறுவை பாதியில் இருந்தது. செறிவு 97இலிருந்து 80க்கு வந்தபோது, கால் குளிர்ந்ததால் கருவி தவறாகக் காட்டுகிறது என்று எண்ணி, காலில் கட்டும் செறிவுக் கருவியின் புரோபை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் இதயத் துடிப்பின் ஒலி இறங்கத் தொடங்கிவிட்டது. பேக்கைப் பிடித்தால் அழுந்தவே இல்லை. சக்‌ஷன் குழாய் ட்யூபுக்குள் பாதிக்குமேல் போகவில்லை. ட்யூபை உருவிவிட்டு மாஸ்க்கில் நான்கு மூச்சு கொடுத்ததும் குழந்தை சிவந்தது. உருவிய ட்யூபின் நுனியில் கடுகளவு சளி காய்ந்து ஒட்டியிருந்தது. 3 மில்லிமீட்டர் குழாயை மூட அந்தக் கடுகு போதும். அன்றிலிருந்து எனக்கு வரிசை மாறியதே இல்லை: முதலில் குழந்தை, பிறகு ட்யூப், கடைசியில்தான் புரோப். ஐயம் தீராதபோது ட்யூபை எடுத்துவிட்டு மாஸ்க்குக்குத் திரும்புவதில் ஒரு குறைவும் இல்லை.

ஒரு பக்கம் காற்றொலி இல்லை, மார்பு உப்பி நிற்கிறது, இரத்த அழுத்தமும் சரிகிறது என்றால், நுரையீரல் வெடித்து மார்புக்கூட்டில் காற்று தேங்கியிருக்கலாம். விளக்கை அணைத்து, மார்பின்மேல் வலுவான டார்ச் ஒன்றை ஒட்டிவைத்தால் அந்தப் பக்கம் விளக்குபோல் ஒளிரும். எக்ஸ்ரேக்குக் காத்திராமல், காலர் எலும்பின் நடுக்கோட்டில் இரண்டாம் விலா இடைவெளியில் 24 கேஜ் கேனுலாவைச் செலுத்திக் காற்றை எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் செறிவு ஏறாத குழந்தைகள் உண்டு. பிறந்தது முதல் வாயில் நுரை தள்ளி, இரைப்பைக் குழாய் பத்துச் சென்டிமீட்டரில் முட்டி நின்றால், உணவுக்குழல் மூடி, அதன் கீழ்ப்பகுதி மூச்சுக்குழலோடு இணைந்த குறைபாடாகவே பெரும்பாலும் இருக்கும். அழுத்திக் கொடுக்கும் காற்று இணைப்பு வழியாக இரைப்பைக்குப் போய்விடுவதால், இணைப்பைக் கட்டும் வரை இயன்றவரை குழந்தையைத் தானாகவே மூச்சுவிட வைத்து, ட்யூபின் நுனியை இணைப்புக்குக் கீழே நிறுத்த முயல வேண்டும். வயிறு படகுபோல் குழிந்து, இதய ஒலி வலப்புறம் கேட்டால் உதரவிதானத்தில் ஓட்டை. அந்தக் குழந்தைக்கு மாஸ்க்கில் காற்றடிக்கவே கூடாது. வலக்கைச் செறிவுக்கும் காலின் செறிவுக்கும் 10க்கு மேல் வேறுபாடு இருந்தால், நுரையீரல் நாளங்கள் இறுகிக் கருக்கால இரத்த ஓட்டம் திரும்பிவிட்டது என்று பொருள். குளிர், அமிலத்தன்மை, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும் அதைத் தூண்டுபவை. மூன்றையும் ஒன்றாகச் சரிசெய்தால்தான் திரும்பும்.

புரோபைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் கண்ணேறு படாமலிருக்கக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் மைப்பொட்டு வைக்கும் வழக்கம் உண்டு. உள்ளங்கால் மையின்மேல் கட்டிய புரோப் சரியாக வேலை செய்யாது, முன்கூட்டியே துடைத்துவிடுங்கள். அரைஞாண் கயிற்றிலுள்ள தாயத்தையும் வெள்ளிக் கொலுசையும் டயதெர்மி என்ற மின்கருவிக்காகக் கழற்றும்போது, அவற்றைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

குறைமாதக் குழந்தைக்கு எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. செறிவு 100இல் நிற்பது அங்கே வெற்றி அன்று. மிகையான ஆக்சிஜன் வளர்ந்துவரும் விழித்திரையைக் கெடுக்கும். நெருக்கடி தீர்ந்ததும் 90 முதல் 95க்குள் நிறுத்துங்கள்.

அறிகுறி: இதயத் துடிப்பு இறங்குகிறது

பச்சிளங்குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 100க்குக் கீழே போனால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை ஆக்சிஜன் குறைவே காரணம் என்று நடந்துகொள்ளுங்கள். அட்ரோபினை எடுக்கக் கை நீளும். அதற்கு முன் ஐந்து நல்ல மூச்சு கொடுங்கள். இந்த வயதில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தின் அளவை இதயம் பெரிதாகக் கூட்ட முடியாது. ஆகவே துடிப்பு இறங்கினால் இரத்த ஓட்டமே இறங்குகிறது. நல்ல மூச்சு கொடுத்தும் 60க்குக் கீழே நின்றால், இரு கட்டைவிரல்களாலும் மார்பெலும்பின் கீழ்ப்பாதியை மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத் தொடங்கி, அட்ரினலின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டும்.

மூச்சு சரியாக இருப்பது உறுதியானால் மட்டுமே மற்ற காரணங்களுக்குப் போகலாம். லாரிங்கோஸ்கோப் தொட்டதாலோ, குடலை இழுத்ததாலோ, கண்ணை அழுத்தியதாலோ இறங்கினால், அந்த இழுப்பை நிறுத்தியவுடன் ஏறும், ஏறாவிட்டால் அட்ரோபின். மயக்க ஆவியின் அளவைப் பாருங்கள்: பச்சிளங்குழந்தைக்கு செவோபுளூரேன் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் தேவைப்படும் என்பது உண்மை, ஆனால் ட்யூப் போடும்போது 8இல் திறந்த டயலை இறக்க மறப்பதும் உண்மை. முதுகின் அடியில் மரத்துப்போகப் போடும் காடல் ஊசிக்குப் பின் இறங்கினால் புப்பிவக்கெயின் நஞ்சாகியிருக்கலாம். இக்குழந்தைகளின் இரத்தத்தில் அம்மருந்தைப் பிடித்துவைக்கும் புரதம் குறைவாதலால், கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டவே கூடாது. நேர்ந்துவிட்டால் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கிலோவுக்கு 1.5 மில்லி. பழைய இரத்தத்தை வேகமாக ஏற்றும்போது இறங்கினால், பொட்டாசியம் மிகுந்ததையும் கால்சியம் குறைந்ததையும் நினையுங்கள். கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாகக் கொடுங்கள். குழந்தைக்கு ஏற்ற புதிய இரத்தத்தைக் கேட்டுப் பெறுவது முந்திய நாள் வேலை.

அறிகுறி: கேப்னோகிராஃப் கோடு மாறுகிறது

விட்ட மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் இந்தக் கோடு திடீரெனத் தரைக்கு வந்தால் ட்யூப் வெளியே வந்துவிட்டது, இணைப்பு கழன்றுவிட்டது, முழுதும் அடைபட்டது, அல்லது இதயம் நின்றுவிட்டது. பார்க்க வேண்டிய வரிசையும் அதுவே. எண் குறைவாகக் காட்டியும் மார்பு நன்றாக உயர்ந்தால், ட்யூபைச் சுற்றிக் கசிவு இருக்கலாம். 3 கிலோக் குழந்தைக்குப் பலூன் இல்லாத 3.5 ட்யூபையோ பலூன் உள்ள 3 அளவையோ எடுத்து, 20 முதல் 25 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் மெல்லிய கசிவு இருக்கும்படி பார்த்துக்கொள்வதே சரியான பொருத்தம்.

எண் ஏறிக்கொண்டே போனால், சர்க்யூட்டில் நாம் சேர்த்த பொருள்களைப் பாருங்கள். பெரியவருக்கான ஃபில்டர் ஒன்றின் உட்பருமன், குழந்தை ஒரு மூச்சில் இழுக்கும் காற்றைவிடக்கூட அதிகமாக இருக்கலாம். குழந்தை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். ஜாக்சன் ரீஸ் சர்க்யூட்டில் வால்வு கிடையாது. புதுக்காற்றின் ஓட்டமே பழைய மூச்சைத் தள்ளி வெளியேற்றுகிறது. 1937இல் பிலிப் அயர், பிளவுபட்ட உதடும் அண்ணமும் உள்ள குழந்தைகளுக்காக அமைத்த எளிய குழாயில், 1950இல் ஜாக்சன் ரீஸ் திறந்த வால் உள்ள பேக்கைச் சேர்த்தார். இத்தனை ஆண்டு கழித்தும் அது நம் கையில் இருப்பதற்குக் காரணம் அந்த எளிமைதான். ஆனால் ஓட்டத்தை நிமிடத்துக்கு 3 லிட்டருக்குக் கீழே இறக்கினால் அந்த எளிமையே கெடுதலாகும்.

அறிகுறி: குழந்தை வெளிறுகிறது, அழுத்தம் குறைகிறது

நிறைமாதக் குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி. 3 கிலோக் குழந்தைக்கு மொத்தம் கால் லிட்டர்; ஒரு டம்ளர் காப்பி அளவு. அதில் 25 மில்லி போனாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. துணியில் ஊறியதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். துணிகளை எடைபோட்டு, கூடுதல் கிராமை மில்லியாகக் கணக்கிடுங்கள். குறைமாதத்திலும் முதல் நாள்களிலும் சராசரி அழுத்தம் கருவின் வார எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது கைக்கணக்கு.

ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 10 மில்லி கொடுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. இதைச் சிரிஞ்சில் அளந்துதான் கொடுக்க வேண்டும்; அரை லிட்டர் பாட்டிலைத் திறந்துவிட்டால் குழந்தை மூழ்கிவிடும். இழப்பை ஈடுகட்ட 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கூடவே கூடாது. அதன் சர்க்கரை எரிந்த பின் மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியம் இறங்கி வலிப்பில் கொண்டுபோய் விடும்.

அறிகுறி: உடல் குளிர்கிறது

இந்தத் தலைப்பில் நம் பக்கத்து மருத்துவர்கள் அலட்சியமாக இருப்பதற்கு நம் வெயிலே காரணம். அக்கினி நட்சத்திரத்தில் ஏ.சி.யை 20க்கு இறக்கினால்தான் அறுவை செய்பவரால் நிற்க முடிகிறது. அதே அறையில் ஈரத் துணியின்மேல் குழந்தை கிடக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரல் அடிக்கும் நாள்களில், தென்காசிப் பக்கத்திலிருந்து 108 வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணப்பட்டு வரும் குழந்தையின் பாதத்தைத் தொட்டாலே தெரியும். பெரியவர்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளப் பச்சிளங்குழந்தைக்கு இயலாது. தோள்களுக்கு இடையிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு காக்கிறது. மயக்க மருந்து அந்த அடுப்பையும் அணைத்துவிடுகிறது.

36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் நம் இலக்கு. குழந்தை வருவதற்கு அரைமணி முன்பே ஏ.சி.யை நிறுத்தி அறையை 26 முதல் 28க்குக் கொண்டுவாருங்கள். அறுவை இடத்தைக் கழுவி, குழந்தையைத் துணியால் மூடிய பின் வேண்டுமானால் அறைச் சூட்டைக் குறைக்கலாம். தலைக்குத் தொப்பி, கை கால்களுக்குப் பஞ்சு, அதன்மேல் ஈரம் ஏறாத பிளாஸ்டிக் தாள், அடியில் உலர்ந்த துணி. வயிற்றைக் கழுவும் சலைன் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெப்பமானி தோலில் மட்டுமன்றி உணவுக்குழலிலோ மலக்குடலிலோ இருக்கட்டும்.

வெந்நீர் பாட்டில் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில், வார்மர் பழுதாகியிருந்த இரவில், கையுறையில் வெந்நீர் நிரப்பிக் குழந்தையின் தொடையருகே வைத்தோம். மடித்த துணி நழுவியதை யாரும் கவனிக்கவில்லை. அறுவை நன்றாக முடிந்தது. போர்வையை நீக்கியபோது தொடையில் எட்டணா அளவில் கொப்புளம். மயக்கத்தில் இருக்கும் குழந்தை சுடுகிறது என்று காலை இழுத்துக்கொள்ளாது என்பதை அந்தத் தாயிடம் விளக்கியபோது, என் குரல் எனக்கே கேட்கவில்லை.

குளிர்ந்த குழந்தைக்கு மூச்சு நிற்கும், மருந்து உடலை விட்டு நீங்கத் தாமதமாகும், இரத்தம் உறையாது. 36க்குக் கீழே இருந்தால் ட்யூபை எடுக்க அவசரப்படாதீர்கள்.

அறிகுறி: சர்க்கரை குறைகிறது, அல்லது காரணமின்றித் துவள்கிறது

மயக்கத்தில் வலிப்பும் நடுக்கமும் வெளியே தெரியாது. குதிகாலில் குத்திப் பார்க்காமல் சர்க்கரையை அறிய வழியில்லை. தொடங்கும்போதும் பிறகு மணிக்கொரு முறையும் பாருங்கள். 100 மில்லி இரத்தத்தில் 45 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி. கையில் 25 சதவீத ஆம்பூல்தான் இருக்கிறதென்றால், அதில் 4 மில்லியோடு 6 மில்லி ஊசித் தண்ணீர் சேர்த்தால் 10 மில்லி கிடைக்கும். பிறகு கிலோவுக்கு மணிக்கு 4 மில்லி வீதம் 10 சதவீதக் கரைசல் ஓடினால், நிமிடத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் சர்க்கரை போய்ச் சேரும். சிரிஞ்சு பம்ப் இல்லாத இடத்தில் மில்லிக்கு 60 சொட்டு விழும் குழந்தை டிரிப் செட் உதவும்: நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மில்லி. 3 கிலோக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 12 சொட்டு.

பல நேரங்களில் இந்தக் குறைவு நம் அறிவுரையாலேயே வருகிறது. ‘காலையிலே ஆபரேஷன், ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதே’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வேறு பாலுக்கு 6, தெளிந்த நீருக்கு 2 என்பதே கணக்கு; ஏழு மணிக்கு அறுவை என்றால், இரவு இரண்டரைக்குத் தாயை எழுப்பி, மூன்றுக்குள் பால் கொடுத்து முடிக்கச் செய்வது வார்டின் கடமை.

அறிகுறி: வாயில் பாலோ நீரோ வருகிறது

உடனே தலையைச் சாய்த்து, இடப்பக்கம் திருப்பி, உறிஞ்சி எடுங்கள். அதன் பின்னரே காற்று கொடுங்கள். பின்னணியைத் தியேட்டருக்கு வெளியே தேட வேண்டும். நம் ஊரில் பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைப்பதும், அழுதால் சீனித்தண்ணீரோ ஓமத்தண்ணீரோ புகட்டுவதும் அன்பினால் செய்யப்படுபவை. ‘எதுவும் கொடுத்தீர்களா’ என்று கேட்டால், பால் கொடுக்கவில்லை என்ற பொருளில் ‘இல்லை’ என்றே பதில் வரும். “ஆச்சி, பிள்ளைக்கு நாக்குல ஏதும் தொட்டு வச்சியளா?” என்று கேட்டபோதுதான் ஒரு பெரியவர், “ஒண்ணும் குடுக்கல டாக்டரம்மா, அழுதாம்னு ரெண்டு சங்கு சீனித்தண்ணிதான்” என்றார். அதட்டாமல் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தோம். அதட்டியிருந்தால் அடுத்த முறை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இரைப்பையின் வாசல் தடித்துப் பீறிட்டு வாந்தியெடுக்கும் குழந்தை, பட்டினி போட்டும் வயிறு காலியாகாத குழந்தை. அதற்கு அறுவை அவசரமில்லை. உப்புக்குறையைச் சரிசெய்வதுதான் அவசரம். குளோரைடு 100ஐ எட்டி, பைகார்பனேட் 30க்குக் கீழே வந்து, சிறுநீர் தாராளமாகப் போன பிறகே மயக்கம். தொடங்கும் முன் பெரிய துளைக் குழாய் ஒன்றால், மல்லாத்தியும் இரு பக்கமும் சாய்த்தும் இரைப்பையை உறிஞ்சி எடுங்கள்.

அறிகுறி: முடிந்த பின் மூச்சு நிற்கிறது

எழத் தாமதமானால் முன் சொன்ன குளிரையும் சர்க்கரையையும் பார்த்த பின், தசைத்தளர்ச்சி மருந்து மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். கையைப் பிடி, தலையைத் தூக்கு என்றெல்லாம் இந்த நோயாளியிடம் சொல்ல முடியாது. குழந்தை தானாகவே தொடைகளை மடக்கி வயிற்றை நோக்கித் தூக்கினால் வலு திரும்பிவிட்டது. அதற்கு முன் ட்யூபை எடுக்காதீர்கள். எடுத்த பின் மூச்சிழுக்கும்போது கீச்சென்ற ஒலி வந்தால், குரல்வளைக்குக் கீழே வீக்கம். ஆக்சிஜனோடு அட்ரினலின் ஆவி கொடுத்து, டெக்சாமெத்தசோன் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கொடுக்கலாம்.

வார்டுக்குப் போன அரைமணியில், நன்றாக அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரெனத் துவண்டால் டிரிப் குழாயை நினையுங்கள். கேனுலாவிலும் நீட்டிப்புக் குழாயிலும் தங்கிய ஒரு மில்லிக்குக் குறைவான ஃபென்டனில் என்ற வலிமருந்தோ தளர்ச்சி மருந்தோ, வார்டில் ஆன்டிபயாட்டிக் ஏற்றும்போது மொத்தமாக உள்ளே போகும். தியேட்டரை விட்டு அனுப்பும் முன் கேனுலாவையும் குழாயையும் சலைன் விட்டுக் கழுவுங்கள்; கழுவியதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

குறைமாதத்தில் பிறந்து, பின்னர் குடலிறக்கத்துக்காக வரும் குழந்தைதான் இங்கே மிகவும் ஏமாற்றக்கூடியது. தாய் ‘இரண்டரை மாதம்’ என்பார்; குழந்தையும் கொழுகொழுவென்றிருக்கும். 32 வாரத்தில் பிறந்து 10 வாரம் ஆகியிருந்தால், கருக்காலத்தையும் சேர்த்தால் கணக்கு 42 வாரம்தான். 60 வாரம் ஆகாத இத்தகைய குழந்தைக்கு, மயக்கம் தெளிந்து நன்றாக இருந்தபோதும், பல மணி நேரம் கழித்து மூச்சு 20 நொடிக்கு மேல் நின்றுபோகலாம். இரத்தசோகை இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். நின்றால் முதலில் பாதத்தைத் தட்டுங்கள். திரும்பாவிட்டால் மாஸ்க்கில் மூச்சு கொடுங்கள். காஃபீன் சிட்ரேட் கிலோவுக்கு 20 மில்லிகிராம் மெதுவாக ஏற்றுவது, மறுபடி நிற்பதைக் குறைக்கும். முதுகில் ஊசி போட்டு, மயக்கமே இல்லாமல் செய்வது தொடக்க மணி நேரங்களின் ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் கண்காணிப்பை விட்டுவிட அது அனுமதி அன்று.

முதுகு ஊசியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மயக்க மருந்து மூளையைக் கெடுக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் குடலிறக்க அறுவைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முதுகு ஊசியும், மற்றவர்களுக்குச் செவோபுளூரேனும் கொடுத்து ஐந்து வயது வரை பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒற்றை மயக்கத்தால் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. நான் அதை அப்படியே சொல்கிறேன். அவசியமான அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

இக்குழந்தையை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கடைசியாக மூச்சு நின்ற நேரத்திலிருந்து 12 மணி நேரமாவது தொல்லையின்றிக் கழிய வேண்டும். நாங்கள் ஓரிரவு முழுதும், செறிவுக் கருவியின் ஒலியைத் திறந்துவைத்து, மாஸ்க்கையும் பேக்கையும் கட்டிலின் தலைமாட்டிலேயே தொங்கவிட்டு வைத்துக்கொள்கிறோம். விடிந்ததும் தாயிடம் கொடுத்துப் பால் குடிக்கவைத்து, குடிக்கும்போது செறிவு இறங்கவில்லை என்று பார்த்த பிறகே புரோபைக் கழற்றுகிறோம்.